தெற்குச் சுவரின் நிறம்

சலீம்,

நீ கூரியரில் அனுப்பிய கவர் வெள்ளிக்கிழமையே வந்து சேர்ந்தது. நீ, ரேஷ்மா, பிள்ளைகள் எல்லோரும் நல்லபடியாக இருக்க எப்போதும் போல துவா செய்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்டு "அம்மி, இங்கே" என்று எழுதியிருக்கிறாயே, அந்த நான்கு இடங்களிலும் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போனில் கேட்டாய். மூட்டு வலி என்று சொல்லி வைத்துவிட்டேன். மூட்டு வலிப்பது உண்மைதான், ஆனால் கையெழுத்துப் போட மூட்டு எதற்கு? நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நானும் அதுதான் சாக்கு என்று பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் உருதுவும் தமிழும் கலந்து பேசினாலும் எனக்கு எழுத வருவது வாணியம்பாடி பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்தான். பத்தாம் வகுப்பில் தமிழில் நீ வாங்கிய மார்க் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மெதுவாகப் படி, ஆனால் கடைசிவரை படி.

உன் அறிக்கையின் நாற்பத்திரண்டு பக்கத்தையும் நான்கு நாளாகக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்து முடித்தேன். உன் தாதா, என் மாமனார், அறுபதுகளில் மதராஸிலிருந்து ஆர்க்கிடெக்டை வரவழைத்துக் கட்டிய வீடு, அந்தக் காலத்து நவீனக் கட்டடம் இப்படி முழுசாக மிச்சமிருப்பது அபூர்வம், ஆகவே அரசாங்கத்தின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டும், வீட்டுக்கு உரிமைக்காரியான நான் அதற்குச் சம்மதிக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான் விஷயம். இந்த வீட்டில் இத்தனை விசேஷம் இருக்கிறது என்று நாற்பத்து நாலு வருஷமாகப் பெருக்கித் துடைத்தவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. வாசலுக்கு மேல் தூணே இல்லாமல் பத்தடி நீண்டு நிற்கும் கூரையைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். எனக்கு அது ஐப்பசியில் தண்ணீர் தேங்கி ஹாலுக்குள் சொட்டும் இடம். எந்த மூலையில் எந்த வாளியை வைக்க வேண்டும் என்று வேலைக்கு வரும் செல்வியைக் கேள், தூக்கத்தில்கூடச் சொல்வாள்.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதே. போன பெருநாளைக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் நீ பேசியதை நான் மறக்கவில்லை. "கோட்டைக்கு ஆள் இருக்கு, கோயிலுக்கு, மசூதிக்கு ஆள் இருக்கு அம்மி. அறுபது வயசு வீட்டுக்கு யாரு இருக்கா? பழசுன்னு பாக்கவும் வரமாட்டாங்க, புதுசுன்னு குடியிருக்கவும் மாட்டாங்க" என்றாய். சரியாகத்தான் சொன்னாய். பேரணாம்பட்டு ரோட்டில் வட்ட ஜன்னல் வைத்த வீடு ஒன்று இருந்ததே, அது இப்போது ஷூ ஷோரூம். ஸ்டேஷன் பக்கத்தில் வளைந்த பால்கனி வைத்த வீட்டை ஜேசிபி கொண்டுவந்து இரண்டே நாளில் தரைமட்டமாக்கினார்கள். நம் வீட்டையும் கேட்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். எத்தனை தடவை கேட்டார்கள் என்று தெரியாது. ஜமீல் பாய் மாதத்துக்கு ஒருமுறை பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார். சொந்த அக்காவிடம் பேசுவது போல ஆபா, ஆபா என்று மரியாதையாகத்தான் பேசுவார். "வயசான காலத்துல எதுக்கு ஆபா இந்தப் பேஜாரு? லிஃப்டு கீற ஃபிளாட்டா பாத்துக் குடுத்துர்றேன், நிம்மதியா இருங்க. இங்க ஒரு ஷாதி மஹால் வந்தா எத்தினி பொண்ணுங்களுக்குக் கல்யாணம் நடக்கும், அத்தினி துவாவும் உங்களுக்குத்தான்" என்பார். பையன் வரட்டும், சொல்றேன் என்று அனுப்பிவைப்பேன். போன மாதம் சரி என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஏன் சொல்ல வந்தேன், ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு அலுத்துப் போய்விட்டது, சலீம். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ இந்த வீட்டின்மேல் உயிரையே வைத்திருக்கிறாய், பெங்களூரில் காலேஜில் பாடம் நடத்தும்போதுகூட இதன் போட்டோவைத்தான் காட்டுகிறாயாம். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தவள், இதை விரும்ப வந்தவள் இல்லை. கல்யாணமாகி முதல் நாள் காரிலிருந்து இறங்கி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பார்த்தால், வீட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. தோட்டத்தில் மாமரத்துக்கு மருந்தடிக்கிறவன் ஹாலில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். தெருவில் போகிறவன் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் நான் சாப்பிடுவதைப் பார்க்கலாம். எங்கள் வாணியம்பாடி வீட்டில் ஜன்னலுக்கு உள்கதவு, வெளிக்கதவு என்று இரண்டு உண்டு. இங்கே ஆம்பூரில் உன் தாதி, என் மாமியார், இறந்து போய் வருஷங்கள் ஆகியிருந்தன, பெண் துணை கிடையாது. ஒரு வாரம் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உன் அப்பாவை பஜாருக்கு அனுப்பித் தடித்த பச்சைத் துணி வாங்கிவரச் சொல்லி, நானே தைத்து, அந்தக் கண்ணாடி முழுக்கத் திரை போட்டேன். உன் தாதாவுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும், "நீதாம்மா இங்க நாள் பூரா இருக்கப் போறவ. உனக்கு இன்னா தோணுதோ செய்" என்று மட்டும் சொன்னார். உன் அறிக்கையில் முப்பத்தோராம் பக்கத்தில், அகற்றப்பட வேண்டிய பிற்சேர்க்கைகள் என்ற தலைப்பில் முதலாவதாக அந்தத் திரைக் கம்பிகள் இருக்கின்றன. கண்ணாடியின் வெளிப்படைத் தன்மையைக் குலைக்கின்றனவாம்.

இரண்டாவதாக நீ போட்டிருப்பது கீழே இருக்கும் குளியலறை. ஹாலின் சமநிலையைக் கெடுக்கும் ரசனையற்ற சேர்க்கை, இடித்து அப்புறப்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறாய். அதைக் கட்டியது யார் தெரியுமா? உன் தாதா. நீ அவ்வளவு புகழும் அந்த மாடிப்படி இருக்கிறதே, ஒரு பக்கம் மட்டும் சுவரில் பதித்து, மறுபக்கம் கைப்பிடி இல்லாமல், பார்க்க அந்தரத்தில் நிற்கிற படி. அதில் ஏழாம் மாதத்தில் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு இறங்கும்போது நான்காவது படியில் சறுக்கினேன். குளியலறை அப்போது மாடியில் மட்டும்தான். உட்கார்ந்தவாக்கில் இரண்டு படி இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன், அல்லாஹ் காப்பாற்றினான். உன் தாதா சத்தம் கேட்டு ஓடி வந்தார். மறுநாள் காலையில் ஹாலின் மூலையில் சாக்கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மதராஸ் ஆர்க்கிடெக்டுக்கு போன் போட்டுச் சொன்னதற்கு அந்த ஆள் கத்தினாராம், டிசைனே போய்விடும் என்று. "போனா போவுது, கட்டினவன் நான்தானே" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். இப்போது நான் இந்த மூட்டை வைத்துக்கொண்டு தனியாக வாழ முடிகிறதென்றால் அந்த ரசனையற்ற சேர்க்கையால்தான்.

இது வரைக்கும் எழுதியது உன் மேல் வருத்தம். இனிமேல் எழுதப் போவது என் மேல்.

இருபத்தெட்டாம் பக்கத்தில் தெற்குச் சுவரைப் பற்றி எழுதியிருக்கிறாய். முழு விண்ணப்பமும் அந்தப் பக்கத்தின்மேல்தான் நிற்கிறது என்று நீயே போனில் சொன்னாய். ஹாலின் தெற்குச் சுவர் முழுக்கப் பதினாறு மாட்டுத் தோல்கள், பித்தளை ஆணி அடித்துப் பதித்தவை. தோல் தொழில் செய்த ஊரில், தோல் வியாபாரி ஒருவர் தன் வீட்டுச் சுவருக்கே தோல் போர்த்தியது வேறெங்கும் காணாதது. அதன் ஒரே சீரான கரும்பழுப்பு நிறமும் மெருகும் கட்டியபோது இருந்தபடியே அப்பழுக்கில்லாமல் காப்பாற்றப்பட்டுள்ளன. இப்படி எழுதியிருக்கிறாய். நீ பொய் எழுதவில்லை, உனக்கு விவரம் தெரிந்த நாளாக அது அந்த நிறம்தான். அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் நீ வாய்ப்பாடு படித்தாய். ஆனால் அது கட்டியபோது இருந்த நிறம் இல்லை. உனக்கு ஆறு வயதாக இருக்கும்போது நான் அடிக்கச் சொன்ன நிறம்.

முதலில் அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஆவாரம் பட்டையில் பதப்படுத்திய தோல், மேலே எந்தச் சாயமும் கிடையாது. வெயில் பட்டுப் பட்டுத் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஒன்றில் முள்வேலி கிழித்த நீளக் கோடு, ஒன்றில் உண்ணி கடித்த புள்ளி புள்ளியான தடம், ஒன்றில் கழுத்துப் பக்கத்துச் சுருக்கம், இரண்டு மூன்றில் மாட்டுக்காரன் போட்ட சூட்டுத் தழும்பு. எல்லாமே செலக்‌ஷனில் கழித்துப் போட்ட தோல்கள். தோல் பதனிடும் நம் டேனரியில் காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில் மேசைமேல் ஒவ்வொரு தோலாக விரித்து, கண்ணாலும் கையாலும் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று பிரிப்பார்களே, அதில் கழிந்ததை உன் தாதா தனியாக எடுத்துவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடித்திருக்கிறார். வந்த புதிதில் நான் வாய் தவறி, நல்ல தோலாகப் போட்டிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். "நல்லதெல்லாம் கப்பல் ஏறிடும்மா. நம்மகிட்ட மிச்சம் நிக்கிறது இதுதான். இதுலதான் மாடு எங்க மேஞ்சிது, இன்னா பட்டுதுன்னு தெரியும்" என்றார். எனக்கு அது புரியவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் துணி வைத்துத் துடைக்கிறவள் நான்.

அந்த வருஷம் ஜெர்மனியிலிருந்து தோல் வாங்குகிற பையர் ஒருவர் வருவதாக இருந்தது. உன் அப்பா முதல்முறையாகத் தானே கடிதம் எழுதிப் பேசி வரவழைத்த பையர். டேனரியைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாடு நம் வீட்டில் என்று முடிவாகியிருந்தது. நான் ஹாலில் நின்று பார்க்கிறேன், எதிரே பதினாறு ரிஜெக்ட் தோல். தோல் வாங்க வருகிறவன் கண்ணுக்கு முன்னால் கழிவை மாட்டிவைத்துக்கொண்டு சோறு போடுவதா என்று வெட்கமாக இருந்தது. வேறு ஊரில், வேறு தொழில் செய்கிற குடும்பத்தில் யாருக்கும் இந்த வெட்கம் வந்திருக்காது. உன் தாதா கண் ஆபரேஷனுக்காக வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார், உன் அப்பா அவர் கூட இருந்தார். மூன்று நாள். நான் டேனரிக்கு ஆள் அனுப்பி, ஃபினிஷிங் செக்‌ஷன் கோவிந்தன் மேஸ்திரியை வரச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "பெரியவருக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். பொய். டேனரியில் தழும்புள்ள தோலுக்கு என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். எமரி காகிதம் போட்டு மேல்பக்கத்தைத் தேய்த்து எடுத்தார்கள். ஸ்ப்ரே கன் வைத்துக் கரும்பழுப்பு அடித்தார்கள், அதன்மேல் பளபளப்புக்கு லாக்கர் பூச்சு அடித்தார்கள். இரண்டு நாள் வீடு முழுக்கத் தின்னர் வாடை. நீ இருமிக்கொண்டே இருந்தாய். மூன்றாம் நாள் பார்த்தால் பதினாறும் ஒன்று போல, கறுத்து, பளபளவென்று இருந்தன. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறாய், மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் சேமியா பாயசம் வைத்துக் கொடுத்தேன்.

உன் தாதா ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டியபடி வந்து இறங்கினார். ஹாலில் கால் வைத்ததும் வாடையில் நின்றுவிட்டார். பிறகு நேராகச் சுவரிடம் போய், செலக்‌ஷன் மேசையில் தடவுவது போல உள்ளங்கையை வைத்துத் தடவினார். முதல் தோலிலிருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொன்றாக. அவருக்கு எந்தத் தழும்பு எங்கே இருந்தது என்று மனப்பாடம். கை அங்கே நின்று தேடிவிட்டு அடுத்ததற்குப் போனது. நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான், அவர் கை தேடியதைப் பார்த்தபோதுதான், நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. "எல்லாம் ஃபர்ஸ்ட் செலக்‌ஷன் ஆயிடுச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திரும்பி, "யார் சொன்னது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நான்தான் சொன்னேன். பையர் வர்றார் இல்ல" என்றார்.

நான் அப்போதே, "இல்லை, நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பையர் வந்தார், அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காரம் தாங்காமல் தயிரை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். சுவரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு மறுநாளிலிருந்து உன் தாதா செலக்‌ஷனுக்கு உன் அப்பாவைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். பதினெட்டு வயதிலிருந்து தினமும் பக்கத்தில் நிற்கவைத்துக் கைபிடித்துக் காட்டிக்கொடுத்த பிள்ளை. அவனுக்குத் தோலைப் பார்க்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். உன் அப்பா ஆபீஸ் வேலை, கெமிக்கல் வாங்குகிற வேலை என்று ஒதுங்கிக்கொண்டார். வீட்டில் சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகு ஒருவர் வந்து உட்காருவார். எட்டு ஒன்பது வயதில் நீ ஒருநாள் கேட்டாய், "தாதாவும் அப்பாவும் ஏன் அம்மி சேர்ந்து சாப்பிட மாட்டேங்கிறாங்க?" என்று. டேனரியில் வேலை ஜாஸ்தி என்றேன். அதுவும் பொய். ஒன்பது வருஷம் அப்படியே ஓடி உன் தாதா இறந்தும் போனார். கடைசி நாட்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியது நான். எத்தனையோ தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்னைத் தன் மகள் மாதிரி பார்த்தவர், எனக்காகத் தன் வீட்டையே உடைத்தவர், அவர் என்னையும் அப்படிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

உன் அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவரிடம் கேட்டேன், ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னீங்க என்று. "நீ வந்த இடத்துல உனக்கு இருந்தது அவர் ஒருத்தர்தான். எனக்கு என்ன, நான் பிள்ளை, கோச்சிக்கினாலும் விட்டுற மாட்டார்னு நினைச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சுவருதானே, விடு" என்றார். நான் விடவில்லை, பிடித்துக்கொண்டும் என்ன செய்தேன் சொல், ஒன்றுமில்லை. தினமும் அந்தச் சுவரைத் துடைத்தேன். ஜமீல் பாய் இடித்துத் தள்ளிவிடலாம் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குள்ளே ஒரு நிம்மதி வரும். என் மூட்டுக்காக இல்லை. அந்தச் சுவர் லாரியில் ஏறிப் போய்விட்டால் கேட்க ஆள் கிடையாது, காட்ட இடம் கிடையாது, விஷயம் அத்தோடு முடிந்தது. போன மாதம் சரி என்று சொல்ல வந்தது அதற்காகத்தான். அந்த வாரம்தான் நீ மாணவர்களோடு வந்தாய். சிவப்புப் புள்ளி விழும் கருவியை வைத்து அளந்துவிட்டு, அந்தச் சுவரைத் தொட்டு அந்தப் பிள்ளைகளிடம், "பாருங்க, எங்க தாதா தொட்ட அதே தோலு" என்றாய். சமையலறையில் டீ போட்டுக்கொண்டே அதைக் கேட்டேன், அதற்குப் பிறகு ஜமீல் பாயிடம் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று செல்வியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சுவரோடு திருகாணி போட்டு முடுக்கியிருக்கும் ரேடியோ அலமாரியைக் கழற்றினேன். அன்றைக்கு மேஸ்திரி இதையும் கழற்றட்டுமா என்று கேட்டபோது, விடுங்க, யாருக்குத் தெரியப் போகுது என்று சொன்னவள் நான். இரண்டு பேரும் மூச்சு வாங்க நகர்த்தினோம். பின்னால் முக்கால் தோல் அளவுக்கு அப்படியே இருக்கிறது. வெயில் படாததால் வெளிர் மஞ்சளாக, சிலந்தி வலைக்குக் கீழே, முதுகுப் பக்கத்தில் ஒரு சூட்டுத் தழும்போடு. செல்வி முந்தானையால் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். "இன்னாம்மா இது, இதுதான் நல்லா கீது. இதுமேல போயி எதுக்கும்மா பெயிண்ட் அடிச்சீங்க?" என்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் நேராகக் கேட்டது அவள்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாவம், பயந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

உனக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் அம்மாவாக இருப்பதில் இது ஒரு சலுகை. ஒரு வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதன் எந்த வருஷத்தைக் காப்பாற்றுவது என்று நீ யாரையாவது கேட்டிருக்க வேண்டும். ஆர்க்கிடெக்ட் வரைந்த படத்தை ஆவணக் கட்டிலிருந்து தேடி எடுத்தாய், உன் தாதா எழுதிய கடிதங்களைப் படித்தாய், மொசைக் தரையில் எத்தனை நிறக் கல் என்று எண்ணினாய். இங்கேயே உட்கார்ந்து உனக்குக் கோழிக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் கேட்டிருக்கலாம். உன் வீட்டிலும் ரேஷ்மாவிடம் கேள். உன் டிசைன் என்று நீ கட்டிய அந்தத் திறந்த சமையலறையில் தாளிக்கும் புகை எங்கே போகிறது என்று அவளிடம் கேட்டாயா? என்னிடம் போனில் புலம்புகிறாள். உன்னிடம் சொல்ல மாட்டாள், நானும் சொன்னதில்லை.

பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்க்கப் புதன்கிழமை அரசாங்கக் குழு வருகிறது. பெங்களூரிலிருந்து ஆம்பூருக்கு மூன்று மணி நேரம்தான், நீ அதற்கு முன்னால் ஒருநாள் வந்துவிட்டுப் போ. அலமாரியை நான் திருப்பி மாட்டப் போவதில்லை. வருகிறவர்கள் அந்த இடத்தைப் பார்க்கட்டும். இருபத்தெட்டாம் பக்கத்தை நீ மாற்றி எழுத வேண்டியிருக்கும். முக்கியமான அம்சமே கெட்டுவிட்டது என்று அவர்கள் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். அப்படி ஆனால் எனக்கு வேறு வழியில்லை, இந்த வீட்டைத் தனியாகத் தூக்கிச் சுமக்க இனி என்னால் ஆகாது, ஜமீல் பாய்க்கு போன் போடுவேன். உனக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். உன்னை ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் வீடு ஒருவேளை தப்பியிருக்கும். ஆனால் அரசாங்கத்தின் பித்தளைப் பலகையில் ஒரு பொய்யை அடித்து வைத்துவிட்டு, அதற்குக் கீழே தினமும் நான் சோறு தின்ன முடியாது. குளியலறையை மட்டும் நான் இருக்கும் வரைக்கும் தொடக் கூடாது. கட்டியவர் கையாலேயே கட்டியது என்று எழுது. திரையைக் கழற்ற வேண்டுமானால் கழற்றிக்கொள், இந்த வயதில் என்னை யார் பார்க்கப் போகிறார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அறிக்கை முழுக்கத் தேடிப் பார்த்தேன். உன் தாதா பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆர்க்கிடெக்ட் பெயர் வருகிறது, அவருக்கு எடுபிடியாக வந்த ஓவர்சியர் பெயர்கூட வருகிறது. உன் மாணவர்கள் மூன்று பேருக்கும் கடைசியில் நன்றி போட்டிருக்கிறாய். மாற்றங்களைச் செய்தவர்கள் என்று வருகிற இடத்தில் மட்டும் 'பிற்காலத்தில் குடியிருந்தோர்' என்று இருக்கிறது. சலீம், நான் இந்த வீட்டில் உன் தாதாவைவிட அதிக வருஷம் இருந்துவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. நீ இப்போது தெற்குச் சுவரைத் திருத்தி எழுதும்போது, தாதாவின் மகன் காலத்தில் செய்யப்பட்டது என்று யாராவது எழுதச் சொல்வார்கள், அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்பார்கள். உன் அப்பாவின் தலையில் அதை ஒருமுறை போட்டாயிற்று. மறுபடியும் போட விடாதே. இன்னாருடைய மருமகள் என்றும் எழுதாதே, இன்னாருடைய மனைவி என்றும் எழுதாதே. என் பெயரைப் போடு. கெடுத்தது நான் என்றே எழுது, பெயர் போட்டு எழுது. அந்தப் பக்கத்தைக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்.

அம்மி